இரண்டு வாளி, ஒரு மூட்டைச் சாம்பல்
வெள்ளக் காலத்தில் வீட்டுக் கழிவைக் கையாளும் முறை



விதை நேர்த்தி, உர நிர்வாகம், பயிர்ப் பாதுகாப்பு என்று எத்தனையோ விஷயங்களை நாம் பேசுவது உண்டு. இன்றைக்கு எடுத்துக்கொண்டிருப்பது கொஞ்சம் முகம் சுளிக்க வைக்கிற விஷயம். "என்ன அண்ணாச்சி, சாப்பிடுகிற நேரத்தில் இந்தப் பேச்சா?" என்று கேட்பீர்கள். சாப்பிட்டுவிட்டே வாருங்கள், அவசரமில்லை. ஆனால் தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள். ஊரில் வெள்ளம் புகுந்து கக்கூஸ் முங்கிவிட்டால், தண்ணீர் வடிகிற வரையில் வீட்டிலுள்ளவர்கள் வெளிக்கு எங்கே போவது, அந்தக் கழிவை என்ன செய்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

நம்ம தூத்துக்குடி மாவட்டத்துக்கு இது கற்பனைக் கதை இல்லை. 2023 டிசம்பர் 17-ந் தேதி, மார்கழி பிறந்த அன்றைக்குப் பிடித்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. நம் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அது அதிகம். தாமிரபரணி கரை புரண்டது. ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் வட்டாரமெல்லாம் தண்ணீர்க் காடானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தோடு நின்று, ஏறத்தாழ 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள்.

அந்த நாட்களில் சாப்பாடு வந்தது, தண்ணீர் வந்தது. ஹெலிகாப்டரிலிருந்து பொட்டலம் விழுந்தது. ஆனால், "கக்கூஸுக்கு எங்கே போவது?" என்பதற்குத்தான் விடையில்லாமல் போனது. ஆண்கள் எப்படியோ சமாளித்துக்கொள்வார்கள். பெண்கள் பாடு? இருட்டுகிற வரைக்கும் அடக்கிக்கொண்டு, அதற்காகவே தண்ணீர் குடிக்காமல், சோறு தின்னாமல் இருப்பார்கள். முட்டுவலிக்கார ஆச்சிகள் எங்கே ஏறி எங்கே இறங்குவார்கள்? பச்சைப்பிள்ளைகளோ முற்றத்தில் நிற்கிற தண்ணீரிலேயே இருந்துவிடும். அதே தண்ணீர்தான் அடுத்த வீட்டுக் கிணற்றுக்குள்ளும் போகிறது.

இதற்கு முன்னேற்பாடாக வேண்டியது இரண்டு வாளி, ஒரு மூட்டைச் சாம்பல். அவ்வளவுதான். எப்படி என்று சொல்கிறேன்.

ஏன் இத்தனை பயப்பட வேண்டும்?

மலத்துக்கும் மண்ணுக்கும் சம்பந்தம் ஏற்பட்டால் உரம். மலத்துக்கும் தண்ணீருக்கும் சம்பந்தம் ஏற்பட்டால் நோய். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

நோயாளியின் ஒரு கிராம் மலத்தில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். காலரா, டைபாய்டு, சீதபேதி, மஞ்சள் காமாலை இவையெல்லாம் இந்த வழியாகத்தான் பரவுகின்றன. நாக்குப்பூச்சி முட்டை, கொக்கிப்புழுக் குஞ்சு எல்லாமும் அதில்தான் வரும். காய்ந்த மண்ணுக்குள் புதைந்து கிடந்தால் இவை மெல்ல மெல்லச் செத்துவிடும். தண்ணீரில் விழுந்தால் ஊர் முழுக்கச் சுற்றும்.

நம்ம முத்துக் கடற்கரைக்கு இது பழைய பாடம். 1955 முதல் 1961 வரை நடந்ததுதான் தூத்துக்குடியில் கடைசியாக நடந்த பெரிய முத்துக்குளிப்பு. அதற்கெல்லாம் முந்தின காலத்தில், முத்துக்குளிப்பு என்றால் மன்னார் வளைகுடாவின் இரண்டு கரைகளிலும் ஆயிரக்கணக்கான பேர் ஓலைக் கொட்டகை போட்டுக் கூடுவார்கள். குளிக்கிறவர்கள், சம்மாட்டிகள், வியாபாரிகள் என்று ஒரு தற்காலிகப் பட்டணமே எழும்பும். குடிக்கிற தண்ணீரும் ஒதுங்குகிற இடமும் பக்கம் பக்கமாக இருந்ததால் அந்தக் கொட்டகைகளில் காலரா புகுந்ததுண்டு. சுறாவுக்கு அஞ்சாமல் கடலுக்குள் மூச்சடக்கிப் போனவன், கரையில் ஒரு குவளைத் தண்ணீரில் மாண்டுபோனான்.

அது அந்தக் காலம் என்று நினைக்க வேண்டாம். ஹைட்டி என்ற தீவு நாட்டில் 2010 ஜனவரியில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதே வருஷம் அக்டோபரில் அங்கே காலரா புகுந்தது. உதவிக்கு வந்திருந்த ஐக்கிய நாடுகள் சபைப் படையின் முகாம் ஒன்றிலிருந்து கழிவு ஆற்றில் கலந்ததுதான் காரணம். அடுத்து வந்த வருஷங்களில் ஏறத்தாழ 10,000 பேர் அந்தக் காலராவுக்குப் பலியானார்கள். நிலநடுக்கத்தில் தப்பித்தவர்கள், ஆற்றுத் தண்ணீரைக் குடித்துச் செத்தார்கள்.

வெள்ளத்தில் நம் கக்கூஸுக்கு என்ன ஆகிறது?

நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் செப்டிக் டேங்க், அல்லது உறை இறக்கிய உறிஞ்சுகுழி. இரண்டும் பூமி தண்ணீரை உறிஞ்சினால்தான் வேலை செய்யும். பூமியே தண்ணீரில் ஊறிக் கிடக்கும்போது அது எதை உறிஞ்சும்? நாம் ஒரு வாளி ஊற்றினால் அது உள்ளே போகாது. போனாலும் டேங்கில் உள்ளது பொங்கி வெளியே வரும். சில வீடுகளில் பீங்கான் வழியாகவே வீட்டுக்குள் எதிர்த்து ஏறும்.

ஆகவே தண்ணீர் முற்றத்தைத் தொடும்போதே கக்கூஸ் உபயோகத்தை நிறுத்திவிட வேண்டும். ஒரு சாக்கில் முக்கால்வாசி மணல் நிரப்பிக் கட்டி, பீங்கான் வாயில் அழுத்தி வையுங்கள். குளியலறைத் தண்ணீர் போகிற துவாரத்துக்கும் அப்படியே செய்யுங்கள். எதிர்த்து ஏறுவது பெருமளவு நின்றுவிடும்.

"தண்ணீர்தான் சுற்றி ஓடுதே, டேங்க் மூடியைத் திறந்துவிட்டால் அடித்துக்கொண்டு போய்விடுமே" என்று சிலர் நினைப்பதுண்டு. தயவுசெய்து அந்தக் காரியத்தைச் செய்யாதீர்கள். உங்கள் வீட்டிலிருந்து போவது அடுத்த தெருக் கிணற்றில் நிற்கும். அடுத்த தெருவிலிருந்து வருவது உங்கள் கிணற்றில் நிற்கும்.

இரண்டு வாளி முறை

நியூஸிலாந்து நாட்டில் கிறைஸ்ட்சர்ச் என்று ஒரு நகரம். 2011 பிப்ரவரி 22-ந் தேதி நிலநடுக்கத்தில் அங்கே பாதாளச் சாக்கடைக் குழாய்கள் நொறுங்கிப் போயின. வசதியான ஊர்தான். ஆனாலும் கக்கூஸில் தண்ணீர் ஊற்ற முடியவில்லை. ஜனங்கள் வீட்டுத் தோட்டத்தில் குழி தோண்டியும் வாளி வைத்தும் காலம் தள்ளினார்கள். அந்த அனுபவத்தில் நன்றாக வேலை செய்த முறை, சிறுநீருக்கு ஒரு வாளி, மலத்துக்கு ஒரு வாளி என்று பிரித்து வைப்பது.

பிரித்து வைப்பதில் என்ன லாபம்? நாற்றம் அடிப்பதும் புழு வைப்பதும் இரண்டும் ஒன்றாகக் கலந்து சேறாகிவிடுவதால்தான். மலம் தனியாக, சாம்பல் மூடிக் காய்ந்து கிடந்தால் அத்தனை நாற்றம் இருக்காது, ஈயும் வராது. சிறுநீரில் பொதுவாகக் கிருமி மிகக் குறைவு. அதை அப்புறப்படுத்துவது சுலபம்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. வெள்ளைக்காரன் காகிதத்தால் துடைத்துக்கொள்வான். நமக்குத் தண்ணீர் விட்டுக் கழுவினால்தான் திருப்தி. கழுவுகிற தண்ணீர் மல வாளியில் விழுந்தால் காரியம் கெட்டது. இதற்கும் நம் தமிழ்நாட்டிலேயே வழி கண்டிருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் மாவட்டம் காமேசுவரத்தில் தண்ணீர் ஊற்றாத உலர் கழிப்பறைகள் கட்டினார்கள். திருச்சி மாவட்டம் முசிறியிலும் அப்படிக் கட்டினார்கள். அவற்றில் மலத்துக்கு ஒரு துவாரம், சிறுநீருக்கு ஒரு வழி, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து கழுவிக்கொள்ள ஒரு தனி இடம் என்று மூன்றாகப் பிரித்திருப்பார்கள். முசிறிப் பொதுக் கழிப்பறையில் ஒரு தடவை உபயோகித்தால் 10 காசு என்று உபயோகிப்பவருக்கே காசு கொடுத்தார்கள். கழிவுக்கு உர மதிப்பு உண்டு என்பதை ஜனங்களுக்குக் காட்டத்தான் அந்த ஏற்பாடு.

வீட்டில் நாம் செய்ய வேண்டியதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

ஒன்று: மூடி உள்ள இரண்டு பிளாஸ்டிக் வாளி எடுங்கள். 15 லிட்டர், 20 லிட்டர் பெயிண்ட் வாளி இருந்தால் ரொம்ப நல்லது. மேலே கரியால் அடையாளம் போடுங்கள். குடிதண்ணீர் வாளியோடு ஒருக்காலும் மாறிவிடக் கூடாது.

இரண்டு: மல வாளிக்குள் தடித்த பிளாஸ்டிக் பை ஒன்றை விரியுங்கள். உரமூட்டையின் உள் உறை இதற்கு ஏற்றது. அடியில் இரண்டு கை சாம்பல் போடுங்கள்.

மூன்று: இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி, மேலே இரண்டு பலகை போட்டு, நடுவில் வாளி வருகிற மாதிரி வைத்தால் குந்தி உட்காரலாம். செங்கல் அடுக்கு ஆடாமல் இருக்க வேண்டும். பெரியவர்களுக்குப் பழைய பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் வட்டமாக அறுத்துக் கீழே வாளியை வையுங்கள். சுற்றிப் பழைய சேலை கட்டுங்கள். இரவில் ஒரு விளக்கு இருக்கட்டும்.

நான்கு: முதலில் சிறுநீர் வாளி, பிறகு மல வாளி. முடிந்ததும் எதுவும் கண்ணுக்குத் தெரியாதபடி இரண்டு கை சாம்பல் தூவி மூடி போட வேண்டும். மூடி போட மறந்தால் ஈ வரும். ஈ வந்தால் அது அடுத்து உட்காரும் இடம் சோற்றுத் தட்டு.

ஐந்து: கழுவுவதற்குத் தனியே ஒரு பழைய பேசினை வையுங்கள். ஒரு செம்புத் தண்ணீர் போதும். அந்தத் தண்ணீரை, வெள்ளம் தொடாத மேட்டில் ஒரு முழக் குழி தோண்டி அதில் ஊற்றி மண் தள்ளுங்கள். மேடே இல்லாமல் மச்சில் அடைந்து கிடந்தால், மூடியுள்ள டப்பாவில் சேர்த்து வைத்து, மேடு தெரிந்ததும் புதையுங்கள்.

ஆறு: சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். இதை விட்டுவிட்டால் மற்ற ஐந்தும் வீண்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமாராகக் கால் கிலோ மலம், ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் சிறுநீர் என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து பேர் உள்ள வீட்டில் சாம்பலும் சேர்த்து 15 லிட்டர் வாளி நாலைந்து நாளில் நிரம்பும். முக்கால் வாளி ஆனதும் பையின் வாயை இறுக்கிக் கட்டி, நாய், கோழி, எலி தொடாதபடி மூடியுள்ள டிரம்மில், தண்ணீர் ஏறாத உயரத்தில் வைத்துவிடுங்கள். புதுப் பை விரியுங்கள். சிறுநீரை மூடியுள்ள கேனில் சேர்த்து, தண்ணீர் தேங்காத மேட்டில், கிணற்றுக்குத் தள்ளி, மரத்துப் பாத்தியில் ஊற்றலாம்.

இரண்டு எச்சரிக்கை. சிறுநீர் வாளியில் பிளீச்சிங் பவுடர் போடவே கூடாது. விஷவாயு கிளம்பி நெஞ்சை அடைக்கும். கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டோடும் பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கக் கூடாது. அடுத்தது, பச்சைப்பிள்ளை விஷயம். "பால் குடிக்கிற பிள்ளைதானே, அது மலம் ஒண்ணும் செய்யாது" என்று நம்ம ஆச்சிமார் சொல்வார்கள். அது தப்பு. பிள்ளை மலத்திலும் நோய்க்கிருமி உண்டு. அதையும் எடுத்து இதே வாளியில் போட்டுச் சாம்பல் மூடுங்கள். பிள்ளையைக் கழுவிவிட்ட கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

வெள்ளத்தில் சாம்பலுக்கு எங்கே போவது?

நியாயமான கேள்வி. வெள்ளம் வந்தபிறகு உலர்ந்த மண்ணும் கிடைக்காது, உலர்ந்த சாம்பலும் கிடைக்காது. அதனால்தான் இது மழைக்கு முந்தியே செய்ய வேண்டிய காரியம் என்கிறேன்.

புரட்டாசி மாதமே வேலையைத் தொடங்குங்கள். பனைமட்டை, தென்னைமட்டை, சுள்ளி எரித்த அடுப்புச் சாம்பலை ஆறவைத்துச் சலித்து, உள் உறையுள்ள உரமூட்டையில் கட்டிப் பரணில் ஏற்றுங்கள். இப்போது பல வீட்டில் காஸ் அடுப்புதான். அவர்கள் சாம்பலை எதிர்பார்க்க வேண்டாம். நெல்லு உமி, தென்னைநார்த் தூள், மர இழைப்புத் தூள், காய்ந்த செம்மண் எதுவானாலும் சரி. திருச்செந்தூர், சாத்தான்குளம் தேரிப் பக்கத்துச் செம்மணலும் ஆகும். ஆனால் வெறும் மணலைவிடச் சாம்பல் கலந்தது மேல். சாம்பலில் உள்ள காரம் கிருமியை அடக்கும், ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக், ரப்பர் எரித்த சாம்பல் மட்டும் வேண்டாம்.

சுண்ணாம்புத் தூள் கொஞ்சம் கலந்தால் இன்னும் நல்லது. நீற்றாத கல் சுண்ணாம்பைத் தூக்கி வாளியில் போட்டுவிடாதீர்கள். ஈரம் பட்டதும் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். நீற்றித் தூளானதை, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து உபயோகியுங்கள்.

ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒரு மூட்டை பத்து நாளைக்குத் தாராளமாக வரும்.

தண்ணீர் வடிந்த பிறகு

கட்டிவைத்த பைகளைக் குப்பையில் எறிவதோ, வாய்க்காலில் தள்ளுவதோ கூடாது. கிணறு, அடிபம்பு இவற்றிலிருந்து 100 அடி தள்ளி, மேடான இடமாகப் பாருங்கள். குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே குறைந்தது 5 அடி மண் இருக்க வேண்டும். ஆனால் புன்னைக்காயல் போல ஆறு கடலில் சேருகிற இடத்திலும், மணல் பூமியான கடற்கரைக் குப்பங்களிலும் ரெண்டு முழம் தோண்டினாலே ஊற்றுத் தண்ணீர் தெரிந்துவிடும். மணலுக்குக் கழிவை வடிகட்டி நிறுத்துகிற சக்தியும் குறைவு. அங்கெல்லாம் குழி தோண்டாதீர்கள். தரைக்கு மேலே மண்ணைக் கொட்டி மேடாக்கி, அதன்மேல் இரண்டு சிமெண்டு உறையை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திச் சுற்றிப் பூசிவிடுங்கள். அடியில் ஒரு அடி மண்ணும் சாம்பலும் இருக்கட்டும்.

பையைப் பிரித்து உள்ளே இருப்பதை மட்டும் கொட்ட வேண்டும். பிளாஸ்டிக்கும் மாதவிலக்குத் துணியும் இதில் சேரக் கூடாது. அந்தத் துணியைக் காகிதத்தில் சுற்றித் தனியாகப் புதைத்துவிடலாம். ஒரு அடுக்குக் கழிவு, ஒரு அடுக்குக் காய்ந்த சருகு, மேலே சாம்பல் என்று போட்டு, கடைசியில் ஒரு அடி மண் மூடி, மழைத் தண்ணீர் இறங்காதபடி தகரமோ பலகையோ போட்டு, தேதியைச் சுவரில் எழுதி வைத்துவிடுங்கள். கையில் உறை மாதிரி பை கட்டிக்கொள்ளுங்கள். முடிந்ததும் குளித்துவிடுங்கள்.

எத்தனை நாள் கிடக்க வேண்டும்? நம் பக்கத்து வெயிலுக்கு முழுசாக ஒரு வருஷம். ஒன்றரை வருஷம் கிடந்தால் இன்னும் நிம்மதி. மற்றக் கிருமிகள் சீக்கிரம் செத்தாலும் நாக்குப்பூச்சி முட்டை அத்தனை சுலபத்தில் சாகாது. அதற்காகத்தான் இந்தப் பொறுமை. அதற்குப் பிறகு பார்த்தால் கறுப்பாக, வாசனையே இல்லாத மண்ணாக இருக்கும்.

அந்த உரம் எந்தப் பயிருக்கு?

தென்னை, பனை, முருங்கை, வாழை இவற்றின் தூரில் பள்ளம் பறித்துப் போட்டு மண் மூடலாம். கீரை, கொத்தமல்லி, வெங்காயம் போலப் பச்சையாகத் தின்கிற பயிருக்குப் போடக் கூடாது. மண்ணுக்குள் விளைகிற கடலைக்கும் கிழங்குக்கும் வேண்டாம். ஆத்தூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால் அண்ணாச்சிமார் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். வெற்றிலை அப்படியே வாய்க்குப் போகிற சரக்கு. கொடிக்காலில் இதைக் கொண்டுபோகவே கூடாது.

சிறுநீர் இதைவிட நல்ல உரம். ஒரு ஆள் ஒரு வருஷத்தில் விடுகிற சிறுநீரில் 3 முதல் 4 கிலோ தழைச்சத்து இருக்கிறது. யூரியாக் கணக்கில் பார்த்தால் 6 முதல் 8 கிலோ. மூடிய கேனில் ஒரு மாதம் வைத்திருந்து, ஒரு பங்குக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, இலையில் படாமல் தூரில் ஊற்றி மண் தள்ளுங்கள். அறுவடைக்கு ஒரு மாதம் முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். உவர் ஏறிய கடற்கரை நிலத்தில் தொடர்ந்து ஊற்ற வேண்டாம். அதில் உப்பும் உண்டு. வீட்டில் யாருக்காவது டைபாய்டோ வயிற்றுப்போக்கோ இருந்தால் அவர் கழிவை உரத்துக்குச் சேர்க்காமல் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

செப்டிக் டேங்கில் யாரும் இறங்கக் கூடாது

தண்ணீர் வடிந்ததும் முதல் வேலையாக டேங்கைக் காலி பண்ண ஆள் தேடுவோம். அவசரப்பட வேண்டாம். சுற்றிலும் பூமி ஊறிக் கிடக்கும்போது டேங்கை ஒரேயடியாகக் காலி செய்தால், வெளியே உள்ள தண்ணீரின் அழுத்தத்தில் சுவர் வெடிக்கலாம், டேங்கே மேலே எழும்பவும் செய்யலாம். பூமி சற்றுக் காய்ந்து, பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் மட்டம் இறங்கிய பிறகு, லாரி வைத்துக் குழாய் மூலம் உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். லாரிக்காரர் அதை ஓடையிலோ தரிசிலோ கொட்டாமல் உரிய சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் கொண்டுபோகிறாரா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எந்தக் காரணத்துக்காகவும் மனிதனை உள்ளே இறக்காதீர்கள். உள்ளே தேங்கி நிற்கும் வாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். அவரைத் தூக்கப் போகிறவரும் சாய்வார். மூடியைத் திறந்துவிட்டுத் தீக்குச்சி கிழிக்கவும் கூடாது, வாயு பற்றிக்கொள்ளும். கையால் மலம் அள்ளவும், பாதுகாப்பில்லாமல் டேங்கில் இறங்கவும் ஆளை வைப்பது 2013-ம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும். நம் வீட்டுக் கழிவுக்காக இன்னொரு வீட்டுப் பிள்ளை ஏன் சாக வேண்டும்?

கிணற்றை மறக்காதீர்கள்

வெள்ளம் ஏறிய கிணற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது. முதலில் சேற்றுத் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற விடுங்கள். வட்டக் கிணற்றின் குறுக்களவு அடிக் கணக்கில் எவ்வளவு என்று பாருங்கள். அதை அதாலேயே பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, மறுபடி 22-ஆல் பெருக்கினால் எத்தனை லிட்டர் என்று தெரியும். 10 அடி குறுக்களவு, 12 அடி தண்ணீர் என்றால் 10 × 10 × 12 × 22, அதாவது 26,400 லிட்டர். சாதாரணமாக 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு அதில் இரட்டிப்பு. இந்தக் கிணற்றுக்குச் சுமார் 130 கிராம்.

ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல் போகாமல் எடுத்து, கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் குழைத்து, முக்கால் வாளி தண்ணீர் விட்டுக் கலக்கிப் பத்து நிமிஷம் தெளிய வையுங்கள். தெளிந்த தண்ணீரை மட்டும் வேறு வாளியில் ஊற்றி, கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழும் ஆட்டிக் கலக்குங்கள். அடியில் நிற்கிற சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டக் கூடாது. குறைந்தது ஒரு மணி நேரம் விட வேண்டும். சாயந்தரம் போட்டுக் காலையில் எடுப்பது உத்தமம். எப்படியானாலும் குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் குடியுங்கள்.

கழிவு பட்ட தரையையும் திண்ணையையும் முதலில் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி பிளீச்சிங் பவுடர் கலந்து துடையுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு யாருக்காவது வயிற்றோட்டம் கண்டால், ஒரு லிட்டர் கொதித்தாறிய தண்ணீரில் ஆறு சிறுகரண்டி சர்க்கரை, அரைச் சிறுகரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டிய அளவு, கலந்து அடிக்கடி கொடுத்துக்கொண்டே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். வயிற்றோட்டத்தில் ஆள் சாவது உடம்பில் உள்ள தண்ணீர் வற்றித்தான். தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று நிறுத்திவிடாதீர்கள்.

ஊராட்சிக்கு ஒரு வார்த்தை

பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ நிவாரண முகாம் போடும்போது, சோற்றுப் பானை வைக்கிற அன்றைக்கே கழிப்பிடத்துக்கும் இடம் குறியுங்கள். முதல் சில நாட்களுக்கு 50 பேருக்கு ஒன்று, பிறகு 20 பேருக்கு ஒன்று என்பது உலக அளவில் ஒப்புக்கொண்ட கணக்கு. ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. பெண்கள் பகுதிக்கு உள்தாழ்ப்பாளும் வெளிச்சமும் இருக்க வேண்டும். இது இருந்தால்தான் அவர்கள் தைரியமாக ஒரு குவளைத் தண்ணீர் குடிப்பார்கள்.

பெருமக்களே, நாற்றுக்கு விதையை முன்கூட்டியே எடுத்து வைக்கிறோம். மாட்டுக்கு வைக்கோலை மழைக்கு முன்னால் படப்பு போடுகிறோம். கடலோரத்து அண்ணாச்சிமார் புயல் எச்சரிக்கைக்கு முன்பே வள்ளத்தை மேட்டில் ஏற்றிவிடுகிறார்கள். அதே மாதிரி, ஐப்பசி அடைமழைக்கு முன்னால் பரணில் ஒரு மூட்டைச் சாம்பலும், அதன்மேல் கவிழ்த்து வைத்த இரண்டு வாளியும் இருக்கட்டும். மழை வராவிட்டால் சாம்பல் தென்னைக்கு ஆகும், வாளி வீட்டுக்கு ஆகும். நட்டம் ஒன்றுமில்லை. மழை வந்தால், உங்கள் வீட்டு ஆச்சி இருட்டுகிற வரைக்கும் காத்துக் கிடக்க வேண்டியதில்லை.